நாற்பதுக்கு முப்பத்தெட்டு

1

அன்றைக்கு ஆம்பூர் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி கஸ்தூரி. எங்கள் ஒரே மகள் ப்ரீத்தி. கஸ்தூரியின் தம்பி பாபு. ஐந்தாவது ஆள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவர் பத்து நிமிஷத்தில் போய்விட்டார், பேச்சில் அவருக்குப் பங்கு இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, நானும்தானே இருந்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் அது வழக்கம். ஒரு சம்பவம் நடந்து ஆறு மாதம் ஆனால், அதில் இருந்தவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும்.

போன ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை. நான் லீவில் வந்து நாலாவது நாள். பாபு ஒடுகத்தூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான், டேங்க் மேல் அரை மூட்டை பச்சை வேர்க்கடலை. அதை உப்புப் போட்டு வேகவைத்து, பேப்பர் விரித்து, நாலு பேரும் உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எங்கிருந்து எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவில் இருக்கிறேன். தலைநகரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு ஊர், அதில் ஒரு ஷூ கம்பெனி, அதில் மேல்தோல் தைக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர். இந்த ஏப்ரலோடு பதினோரு வருஷம் முடிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. தோல் எங்கே போனதோ அங்கே நாங்களும் வந்தோம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஃபெயில் ஆகவில்லை. அந்த வருஷம் கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள், தெருவில் இருந்த பையன்கள் போனார்கள், நானும் போனேன். அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது வேறு யாருடைய பரீட்சையாக இருந்தாலும் சரி.

2

இங்கே மணி நம்ம மணி இல்லை. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒன்று. வந்த முதல் வருஷம் குடியிருப்பு அனுமதி வாங்க ஆபீசுக்குப் போனபோது, மூன்று மணிக்கு வா என்றார்கள். மறுநாள் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்து, இரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சொன்னது காலை ஒன்பது மணியை. கவுன்டரில் இருந்த அம்மாள் என் பேப்பரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், "நெகே" என்றாள். நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்குப் போனால் அந்த அம்மாள் லீவு. அன்றையிலிருந்து எந்த ஆபீசில் மணி சொன்னாலும், சூரியன் எங்கே இருக்கும் என்று கையை மேலே காட்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிரிப்பார்கள். பரவாயில்லை.

பாஷையும் அப்படித்தான் வந்தது. லைன் பெண்கள் எது சொன்னாலும் முதலில் "இஷி" என்றேன். சரி என்று அர்த்தம், வாய்க்கு வசதியான வார்த்தை. அப்படி இஷி சொல்லிச் சொல்லி ஒரே நாளில் மூன்று பேருக்கு லீவு கொடுத்துவிட்டேன், எனக்கே தெரியாமல். இப்போது என் அம்ஹாரிக் லைனுக்குப் போதும். கல்யாண வீட்டுக்குப் போதாது. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தால் "அய்சோ" என்பார்கள். கவலைப்படாதே, தைரியமா இரு என்று சொல்கிற வார்த்தை. துக்க வீட்டில் சொல்வதை எனக்குத் தினமும் காலையில் சொல்கிறார்கள். என் முகம் அப்படி.

மாறாதது ஒன்று உண்டு. லைன் முனையில் தொங்குகிற வெள்ளை போர்டு. மணிக்கு மணி எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை முடிந்தது, எத்தனை ரிஜெக்ட். ஆம்பூரில் பதினாறு வயதில் அந்தப் போர்டைப் பார்த்து பயந்தேன். இங்கே நாற்பத்தெட்டு வயதில் அதே போர்டில் நானே எழுதுகிறேன், எழுதும்போதும் பயம்தான்.

3

நான் கிளம்பி வந்தபோது ப்ரீத்திக்குப் பன்னிரண்டு வயது. வருஷத்துக்கு இருபத்தைந்து நாள் லீவு. ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: பதினோரு வருஷத்தில் அவளோடு ஒரே கூரையில் நான் இருந்தது மொத்தம் ஒன்பது மாதம். அதற்கு மேல் அந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

அவள் வேலூர் பக்கத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தாள். தோல் பதனிடும் கம்பெனிகளின் கழிவுத் தண்ணீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்தம் பண்ணுகிற நிலையத்தில், லேபில் வேலை. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று எழுதுகிற வேலை. அந்தத் தண்ணீரைப் பற்றியே மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருந்தாள். இதை முதலில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பாபுவிடம் சொன்னாள். பாபு எனக்குப் போன் செய்து, உனக்குத் தெரியும்னு நெனச்சேன் மாமா என்றான். என் வீட்டுச் செய்தி எனக்கு வருகிற ரூட் அது.

அதற்கு ஜி.ஆர்.இ. என்று ஒரு நுழைவுத் தேர்வு. கம்ப்யூட்டரில் எழுதுவது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கணக்கு, இங்கிலீஷ், ஒரு கட்டுரை. கணக்குக்கு நூற்றெழுபது, இங்கிலீஷுக்கு நூற்றெழுபது. எல்லாவற்றையும் தப்பாகப் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் நூற்றுமுப்பது உண்டாம். அது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் கூட்டி முந்நூற்றுப் பதினைந்துக்கு மேல் வந்தால் ஃபீஸில் பாதி குறைய வாய்ப்பு இருக்கிறது என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். குறையாவிட்டால் அந்தப் படிப்பு எங்கள் வீட்டுக்கு ஆகாது. அதில் பேச்சே இல்லை.

கஸ்தூரி ஒரு கெடு வைத்தாள். பாகாயத்தில் ஒரு குடும்பம் இரண்டு வருஷமாகப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல குடும்பம்தான். டிசம்பருக்குள் மார்க் வாங்கி விண்ணப்பம் போட்டால் போடட்டும், இல்லையென்றால் தை மாசம் அவர்களை வரச் சொல்லிவிடுவேன் என்றாள். ப்ரீத்தி அதற்கு ஒப்புக்கொண்டாள். எனக்குத்தான் தூக்கம் போனது.

4

வேலூரில் கோச்சிங் சென்டர் உண்டு, ஃபீஸ் ஜாஸ்தி. அவள் வேண்டாம் என்றாள். புத்தகம் வாங்கிக்கொள்கிறேன், தினமும் காலையில் ஐந்திலிருந்து ஏழு வரை, எட்டு மாதம், போதும் என்றாள். தினமும் என்றால் தினமும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் எனக்குத் தெரிந்த வழியில் ஏற்பாடு செய்தேன்.

ஒரு சார்ட் பேப்பர். தேதி, டார்கெட், முடிந்தது, ரிஜெக்ட். டார்கெட் நாற்பது கேள்வி. ஏழேகாலுக்கு அதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் பேப்பரைக் கிழித்து கிளிப் போட்டு வைக்க வேண்டும், நான் வந்து பார்ப்பேன். அங்கே ஏழேகால் என்றால் இங்கே நாலேமுக்கால், விடியவில்லை. நான் அலாரம் வைத்து எழுந்து, போர்வைக்குள்ளேயே போனைப் பார்ப்பேன். 34/40. "சரி மா." 36/40. "குட் மா." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. முன்னெல்லாம் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேசுவோம், அதில் பாதி நேரம் 'அப்புறம்', 'அப்புறம்' என்றே போகும். எண் வந்த பிறகு அந்தச் சங்கடம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் இருபத்தொன்பது வந்தது. மூன்று முறை போன் செய்தேன். அவள் கம்பெனி பஸ்ஸில் இருந்தாள், எடுக்கவில்லை. கஸ்தூரிக்குச் செய்தேன். கஸ்தூரி பாபுவுக்குச் செய்தாள். பாபு வேலை நேரத்தில் லைனை விட்டு வெளியே வந்து ப்ரீத்தியின் லேபுக்கே போன் போட்டான். பத்து மணிக்குள் இருபத்தொன்பது என்கிற எண் லேப் இன்சார்ஜ் வரைக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபத்தொன்பது வரவே இல்லை. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது, என் வைத்தியம் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

5

மாதத்தில் முதல் ஞாயிறு முழுப் பரீட்சை. நிஜப் பரீட்சை போலவே நேரம் வைத்து, கம்ப்யூட்டரில். ஏப்ரலில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மேயில் முந்நூற்றிரண்டு. ஜூனில் முந்நூற்றொன்று. ஜூலையில் முந்நூற்றிரண்டு.

தினமும் நாற்பதுக்கு முப்பத்தெட்டு போடுகிறவளுக்கு மாசப் பரீட்சையில் ஏன் ஏறவில்லை? எனக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. நாற்காலி உயரம் சரியில்லை என்றேன். பாபுவை விட்டு வேறு நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி பவர் ஏறியிருக்கும் என்றேன், போய்ப் பார்த்தார்கள், ஏறவில்லை. வெறும் வயிற்றில் எழுதுகிறாள் என்றேன். வயிறு முட்டச் சாப்பிடுகிறாள் என்றும் அடுத்த மாதம் சொன்னேன். அந்த கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வாரம் நம்பினேன். லீவை டிசம்பரிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பு. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட எனக்குப் படிக்க வராது. அது வேறு விஷயம்.

6

வேர்க்கடலைக்கு வருகிறேன்.

பாபு இருபது வருஷமாக ஷூ கம்பெனியில் இருக்கிறான், அவனும் லைன் சூப்பர்வைசர்தான். கடலை உரித்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கிளிப் போட்ட அந்தச் சார்ட் பேப்பர்களைச் சும்மா எடுத்துப் புரட்டினான். நான் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முடிந்த எண்ணைப் பார்க்கவில்லை, ரிஜெக்ட் கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனான். ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு. பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, அஞ்சு மாசமா ஒரே மாதிரி ரிஜெக்ட் வர்ற லைன நீ எங்கனா பாத்துகிறியா?"

"புள்ள ஒழுங்கா படிக்குது. அதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ப்ரீத்தியிடம் கேட்டான். "பாப்பா, மெஷினுக்கு அடியில இன்னா வெச்சிகிற?"

ஷூ கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். போர்டில் எண்தான் பேசும். மணிக்கு இத்தனை ஜோடி என்றால் இத்தனை ஜோடி. ஆனால் எல்லா ஜோடியும் ஒன்றில்லை. நேர்த் தையல் சீக்கிரம் ஓடும். மெல்லிய வாரை மடித்து வளைவில் தைக்கிற பீஸ் வந்தால் ஒன்றுக்கே பத்து நிமிஷம், அதிலும் பாதி கெட்டுப்போகும். அதனால் தைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்றால், கஷ்டமான பீஸைக் கட்டி மெஷினுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் தள்ளிவிட்டு, சுலபமானதை ஓட்டி மணிக் கணக்கைக் காட்டிவிடுவார்கள். போர்டு அழகாக இருக்கும். கண்டெய்னர் ஏற்றுகிற வாரம்தான் பெட்டி வெளியே வரும், அப்போது எல்லாரும் ஓடுவார்கள். ஆம்பூரில் இது இல்லாத லைன் கிடையாது.

ப்ரீத்தி எழுந்து உள்ளே போனாள். துணி வைக்கிற பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிக்கடைக் கவரைக் கொண்டுவந்து வேர்க்கடலைத் தோல் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்திலிருந்து பிரித்து எடுத்த பக்கங்கள், பின் அடித்து, கட்டு கட்டாக. நிகழ்தகவு ஒரு கட்டு. படம் பார்த்து, பட்டியல் பார்த்துப் பதில் சொல்கிற கணக்கு ஒரு கட்டு. நீளநீளமான இங்கிலீஷ் பத்திகள் ஒரு பெரிய கட்டு. ஒன்றிலும் பென்சில் படவில்லை.

தினம் போட்ட நாற்பதில் முப்பது ஏற்கெனவே போட்ட கணக்குகள் என்று அவளே சொன்னாள். அதே புத்தகத்தை மூன்றாவது சுற்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் ஏன் என்று கேட்டேன். கத்தினேன் என்கிறாள் கஸ்தூரி. குரல் வெளியே வரவில்லை என்கிறான் பாபு. நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான் என்பதில் மூன்று பேருக்கும் சம்மதம்.

"நீ நம்பர் கேட்ட. நம்பர் குடுத்தேன்," என்றாள் ப்ரீத்தி. பிறகு கடலையை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "இருபத்தொம்போதுக்கே மூணு பேரு போன் பண்ணீங்க. புதுசா ஒண்ண கத்துக்கினா மொத வாரம் பத்துகூட வராதுப்பா. பத்துன்னு அனுப்பினா நீ பிளைட் ஏறி வந்திருப்ப."

பாபு சிரித்தான். கஸ்தூரி சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரீட்சைக்கு ஒன்பது வாரம்தான் இருக்கிறது, அக்டோபர் தேதிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இத்தனை நாளாக அப்பனை ஏமாற்றியிருக்கிறாய் என்று ஆரம்பித்து, ராத்திரியும் பகலும் நான் படுகிற பாடு என்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரர் வந்ததும் அப்போதுதான். அவர் இருந்த பத்து நிமிஷமும் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் போனதும் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தேன்.

"ஏங்க, நீங்க வெக்கலயா?" என்றாள் கஸ்தூரி.

நானும் அவளும் ஒரே லைனில் வேலை செய்தவர்கள். என்னுடையது எட்டாம் நம்பர் மெஷின், அவளுடையது ஒன்பது. என் பெட்டியில் இருந்ததை இரண்டு வருஷம் ஓவர்டைமில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது அவள்தான். அதைப் பொண்ணுக்கு முன்னால் சொல்லிவிட்டாள், எத்தனை ஜோடி என்பது உட்பட. "இவரு கஷ்டமானத பூரா தள்ளி வுட்டுட்டு, போர்டுல ஃபர்ஸ்ட்டு வந்து, சூப்பர்வைசராவும் ஆயிட்டாரு. தெச்சவ நானு."

ப்ரீத்தி அதைக் கேட்டதில்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, அப்படிச் சிரித்தாள். வந்த நாலு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

இங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் நான் லைன் முழுக்கக் குனிந்து குனிந்து மெஷினுக்கு அடியில் பார்க்கிறவன். பதினோரு வருஷமாக அது என் வேலை. எந்தப் பெண் எதை ஒளிப்பாள், எப்படிக் கட்டுவாள் என்று தெரியும். அவளைத் திட்டினால் அடுத்த வாரம் வேறு இடத்தில் ஒளிப்பாள் என்பதும் தெரியும்.

7

மிச்சமிருந்த ஒன்பது வாரத்துக்கு என்ன செய்வது என்று அன்று சாயந்திரம் வரைக்கும் பேச்சு. ரீவொர்க் பீஸை, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க வேண்டியதை, காலை முதல் ஷிஃப்டில், கை புதிதாக இருக்கும்போது கொடுப்பேன் என்று பாபு தன் லைனைப் பற்றிச் சொன்னான். ப்ரீத்தி அதில் பாதியை எடுத்துக்கொண்டாள், மீதியைத் தானே வைத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் அந்தக் கவரில் இருக்கிற கட்டுகளுக்கு மட்டும். டார்கெட் கிடையாது. ஒரு கணக்கே ஒரு மணி நேரம் தின்றாலும் சரி. அடுத்த ஒரு மணி நேரம் நேரம் வைத்து, கலந்து. தப்பான ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணம்: தெரியாது, அவசரம், கேள்வியை முழுசாகப் படிக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று. அதே கேள்வியை மூன்றாம் நாள் மறுபடி, பத்தாம் நாள் மறுபடி. முழுப் பரீட்சை ஞாயிறுதோறும்.

இரண்டு வாரத்தில் அந்த நோட்டில் ஒரு விஷயம் தெரிந்தது. கணக்கில் 'தெரியாது' என்பது அவள் பயந்த அளவு இல்லை. 'அவசரம்' என்பதுதான் பக்கம் பக்கமாக இருந்தது. தினம் நாற்பது ஓட்டிப் பழகிய கை, இரண்டு நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது யார் என்று நோட்டில் அவள் எழுதவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பரீட்சையில் முதல் பாகத்தை நன்றாகச் செய்தால், கம்ப்யூட்டரே இரண்டாம் பாகத்தைக் கஷ்டமாகக் கொடுக்குமாம். சுமாராகச் செய்தால் சுலபமானது வரும், ஆனால் அதில் எவ்வளவு சரியாகப் போட்டாலும் மார்க் மேலே ஏறாது. இது எனக்கு உடனே புரிந்தது. நன்றாகத் தைக்கிறவளிடம்தானே வளைவுத் தையலைக் கொடுப்போம். கஷ்டமாக வந்தால் சந்தோஷப்படணும்ப்பா என்றாள். நான் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை, ஆனாலும் தலையாட்டினேன்.

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். கேட்கக்கூடாது.

லீவு முடிந்து இங்கே வந்தேன். அலாரம் வைக்கவில்லை, இருந்தும் நாலேமுக்காலுக்கு விழிப்பு வந்துவிடும். போனில் ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் தாங்கினேன். பிறகு கஸ்தூரிக்குப் போன் செய்து, மழை பெய்ததா, தண்ணி வந்ததா, அவள் சாப்பிட்டாளா என்று சுற்றி வளைத்தேன். சாப்டா, நம்பர் எனக்குத் தெரியாது, வைங்க போன என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் ப்ரீத்தியிடமிருந்து ஒரு போட்டோ. எண் இல்லை, ஒரு கணக்கு. கீழே தமிழில் எழுதியிருந்தாள்: ஒரு பெட்டியில் பத்து பொருள், நாலு பழுது, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இத நேத்து தப்பா போட்டேன், நீ எவ்வளவுன்னு சொல்லுவ?

நான் ஒன்பதாவது. ஆனால் பெட்டியில் பழுதைக் கண்டுபிடிப்பது முப்பது வருஷ வேலை. குத்துமதிப்பாக மூன்றுக்கு ஒரு தடவை வரும் என்று எழுதினேன். கூடவே, சரக்கைச் சோதிக்க வருகிற எந்தச் செக்கரும் கண்ணை மூடி எடுக்க மாட்டான், மேலே இருப்பதைத்தான் எடுப்பான், நாங்கள் நல்லதைத்தான் மேலே வைப்போம், அதனால் பத்துக்குப் பத்தும் நல்லதாகத்தான் வரும் என்றும் எழுதினேன்.

உடனே போன் வந்தது. மூன்றில் ஒன்று என்பது சரியான விடையாம். எப்படிப் போட்டாய் என்று கேட்டாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே நல்லது, ஒன்று எடுத்தபிறகு நல்லது ஒன்று குறைந்துவிடும், இரண்டு தடவையும் நல்லதாக வர வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு அந்தச் செக்கர் விஷயத்துக்கு வந்து, அவன் அடியிலிருந்து எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எப்போதோ ஒருமுறை ஒரு வெளிநாட்டுக்காரன் பெட்டியைக் கவிழ்த்துவிட்ட கதையைச் சொன்னேன். அவளுக்கு பஸ் வரும் வரைக்கும் பேசினோம். எத்தனை நிமிஷம் என்று நான் பார்க்கவில்லை. பிற்பாடு பார்த்தேன். இருபத்தேழு.

8

அக்டோபரில் சென்னையில் பரீட்சை. பாஸ்போர்ட்டைத்தான் அடையாளமாகக் காட்ட வேண்டும், அதில் இருக்கிற பெயர் எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பாபு கூடப் போனான். காலையில் நான் லைனில் நின்றுகொண்டு, தப்பான சைஸ் தோலைத் தப்பான மெஷினுக்குக் கொடுத்தேன். அய்சோ, அய்சோ என்று பெண்கள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

எழுதி முடித்த உடனே திரையில் மார்க் காட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் அவள் போன் செய்தாள். பஸ் நெரிசல், சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி, மாமா வெளியே வெயிலில் நின்று கறுத்துவிட்டார். நான் உம், உம் என்றேன். கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றே சொல்லலாம். கடைசியில் அவளே சொன்னாள்.

"முந்நூத்திப் பதினொண்ணுப்பா. கம்மிதான்."

முந்நூற்றிரண்டிலிருந்து முந்நூற்றுப் பதினொன்று. நாலைந்து மார்க்கில் தை மாசம் பாகாயத்துக்காரர்கள் வந்து உட்காரப்போகிறார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை சொல்லவில்லை. எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். இங்கிலீஷ் என்றாள், நீளப் பத்திகள், அந்தப் பெரிய கட்டை முழுசாக முடிக்க முடியவில்லை. கணக்கில் இரண்டாம் பாகம் கஷ்டமாக வந்தது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, இருபத்தொரு நாள் கழித்து இன்னொரு தடவை எழுதலாம், டிசம்பருக்குள் வந்துவிடும், எழுதப்போகிறேன் என்றாள்.

பணம் அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்பாத. கடனா குடு," என்றாள். "மொத தடவ உன் காசு. அதான் உனக்குக் கேக்கத் தோணுச்சு. இந்தத் தடவ என் பரீட்ச."

இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. தேர்வுக் கட்டணத்துக்குச் சரியாகப் போகும். அவள் சம்பளத்தில் விண்ணப்பச் செலவெல்லாம் போக மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு திருப்பித் தர முடியும் என்று அவளே கணக்குச் சொன்னாள். வட்டி இல்லை. டிசம்பர் ஒன்றிலிருந்து.

நவம்பரில் எழுதினாள். அந்தப் பெரிய கட்டு அதற்குள் முடிந்திருந்தது என்று கஸ்தூரி சொன்னாள், நான் கேட்காமலே. முந்நூற்றுப் பதினெட்டு.

மார்ச்சில் ஒரு பல்கலைக்கழகம் இல்லை என்றது. இன்னொன்று வா என்றது, ஃபீஸில் பாதி தள்ளுபடியோடு. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். பாகாயத்துக்கு கஸ்தூரியே போன் செய்து சொல்லிவிட்டாள். அவர்கள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையாம். இனி எனக்குப் புதுக் கவலைகள் உண்டு: விசா, குளிர், அந்த ஊர் மணி. அதெல்லாம் இருக்கட்டும்.

போன வாரம் அவளிடம் சொன்னேன், போகிற நேரத்தில் கையில் காசு வேண்டும், அந்தக் கடனை விட்டுவிடு, நான் மறந்துவிட்டேன் என்று. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்ப்பா. நீ கேக்காம நானா சொல்ற நம்பர் அது ஒண்ணுதான்."

சொன்ன மாதிரியே மாதம் பிறந்தால் செய்தி வந்துவிடுகிறது. போட்டோ இல்லை, கட்டம் இல்லை, ஒரு வரி. வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், நான் பார்ப்பதில்லை. இந்த ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது: பாக்கி பத்தாயிரம் ரூபாய்.